மேல்பக்கம் எந்தப் பக்கம்?

2007-ஆம் ஆண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருந்த நேரம். காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடலோரப் பள்ளி ஒன்றில் நான் தற்காலிகக் கணினி ஆசிரியையாக இருந்தேன். கணினிப் பயன்பாட்டில் மேற்படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை அது. கோடை விடுமுறை வந்தால் முடிந்துபோகும் வேலையும்கூட.

அந்தப் பள்ளியின் கணினிகள் சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தவை. பிள்ளைகள் அவற்றில் பூ வரைந்து வண்ணம் அடிப்பார்கள், மணி அடித்ததும் போய்விடுவார்கள். ஒருநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பூமியப் பத்தின பாடத்த எடுத்தாலே பசங்க கொட்டாவி விடுறானுங்கம்மா. கம்ப்யூட்டர்ல தொட்டு விளையாடுற மாதிரி ஏதாவது செஞ்சு குடு, பாப்போம்” என்றார். எனக்கு அதைவிட இனிப்பான வேலையை யாரும் கொடுத்திருக்க முடியாது.

முதலில் கடலடித் தட்டுகள் நகர்வதைத்தான் செய்தேன். அந்தப் படம் ஓடியபோது வகுப்பு அமைதியானது. அது பாடம் கேட்கிற அமைதி இல்லை. கடல் உள்ளே வந்துபோய் அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அன்றே அதை எடுத்துவிட்டு ஆற்றுக்கு மாறினேன். மலையில் பிறந்து கடலில் சேரும்வரை ஒரு ஆறு நிலத்தை என்னவெல்லாம் செய்கிறது என்பதை, மௌஸால் இழுத்து இழுத்துப் பொருத்தும் விளையாட்டாக ஃபிளாஷ் மென்பொருளில் செய்தேன். வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். நீர் ஓடும், மண் படியும், மேகம் நகரும். குரலும் என்னுடையதுதான். சரியாகப் பொருத்தினால் தண்ணீர் சலசலக்கும், தப்பாகப் பொருத்தினால் ‘டொய்ங்’ என்று ஒரு ஒலி, பிறகு என் குரல்: “தவறு. மீண்டும் முயற்சி செய்.”

அந்தச் சமயத்தில்தான் ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் பகுதி ஆசிரியர்கள் செய்யும் கணினிப் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பள்ளிக் கணினி அறைகளிலும் போடப்போகிறார்கள். அதைச் செய்தவரைப் பாடம் தயாரிக்கும் பிரிவுக்குப் புதுச்சேரிக்கு எடுத்துக்கொள்வார்கள். கோடையோடு வீட்டில் உட்காரவேண்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தேவையில்லை. அது எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் வந்து சேர்ந்தார்.

சமூக அறிவியல் எடுக்க வந்த தற்காலிக ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணமாகிப் பட்டினத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘பம்பாய் டீச்சர்’. எனக்கு வைத்திருந்த பெயர் ‘கம்ப்யூட்டர் டீச்சர்’. அவருக்கு ஒரு ஊரைக் கொடுத்தார்கள், எனக்கு ஒரு இயந்திரத்தைக் கொடுத்தார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். என் பொறாமையையும் அப்படித்தான் வரிசைப்படுத்தினேன். முதலாவது, அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்று. பலகையில் ‘பல்லம்’ என்று எழுதுவார்; நாலு பிள்ளைகள் எழுந்து ஓடி சாக்பீஸைப் பிடுங்கித் திருத்துவார்கள். நான் ஒரு எழுத்துப் பிழை விடாமல் எழுதுகிறவள். என் பலகைக்கு ஒருவரும் எழுந்து வந்ததில்லை. இரண்டாவது, மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளைகள் வீட்டிலிருந்து பொரித்த மீன் கொண்டுவந்து நீட்டினார்கள். நானும் மீன் சாப்பிடுகிறவள்தான். யாரும் கேட்டதில்லை. மூன்றாவது, அவர் வகுப்பில் சத்தம் போடுவார்கள். இது ஒரு குறையாகத்தானே இருக்கவேண்டும்? எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அதுதான் தொல்லை.

அவர் வகுப்புக்கும் என் கணினி அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். ஒருநாள் அவர் குரல் கேட்டது. “சாயங்காலம் சூரியன் கடல்ல இறங்கும்போது பாத்திருக்கீங்கள்ல, கலர் எப்படி மாறும்?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“டீச்சர், நம்ம கடல்ல சூரியன் எந்திரிக்கும். எறங்காது!”

“எங்கப்பா தெனம் அதப் பாத்துக்கிட்டேதான் வலை இழுக்கும் டீச்சர்.”

“அய்யோ, ஆமால்ல!” என்று அவரும் சிரித்தார். “எங்க ஊர்ல கடல் அந்தப் பக்கம்டா. அதுலதான் சூரியன் இறங்கும். எனக்கு இன்னும் இங்க திசையே பிடிபடல.”

“அப்ப உங்க ஊரு சூரியன் வேறயா டீச்சர்?”

“வேறயா, இதேதானா? நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு, எவன் தலை பூமி, எவன் தலை சூரியன் என்று சண்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என் மென்பொருளிலும் ஒரு சூரிய உதயம் இருந்தது. வண்ணம் வண்ணமாக, ஒரு உதறல் இல்லாமல் எழும். அதைப் பார்த்து இதுவரை ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டதில்லை. என் ஆற்றின் தொடக்கத்தில் அழகாக நின்ற பனிமலையைப் பார்த்து மட்டும் ஒருத்தி கேட்டாள்: “இது உப்புக் குவியலா டீச்சர்?”

அவரும் போட்டிக்கு ஒரு பாடம் செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்குமேல், அதை என்னிடமே கற்றுக்கொள்ள வந்தார்.

“மேடம், இந்தப் பட்டன அமுக்குனா அந்தப் படத்துக்குப் போகணும். எப்படிங்க செய்றது?”

பவர்பாயிண்ட். ஒரு படத்தையும் இன்னொரு படத்தையும் இணைப்பதுகூட அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் தாளில் வரைந்த படங்களைத் தன் கேமராவில் பிடித்து வைத்திருந்தார். கோணல் மாணலான ஆறு, அதில் ஆற்றைவிடப் பெரிய மீன். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் எடுத்த ஒரு புகைப்படம். தப்பான விடையை அமுக்கினால் எந்த ஒலியும் வராது; ஆறு ஊருக்குள் புகுந்து தலைமையாசிரியர் நாற்காலியோடு மிதக்கும் படம் வரும். பிள்ளைகள் அதற்காகவே தப்பான பட்டனைத் தேடித் தேடி அமுக்கினார்கள்.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். அரைகுறையாகச் சொல்ல என் படிப்பு விடவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. “ரொம்ப தேங்க்ஸ் மேடம், நீங்க இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்” என்று அவர் சொன்னபோது, “பரவால்லங்க” என்று சிரித்தேன். பல் மட்டும் சிரித்தது.

எனக்கு ஒரே ஆறுதல், பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் என் குரலைப் பயன்படுத்தினார்கள். யாராவது பந்தைத் தவறவிட்டால், “டொய்ங்! தவறு. மீண்டும் முயற்சி செய்” என்று ராகம் போட்டுக் கத்துவார்கள். என் பாடம் அவர்கள் மனதில் ஏறிவிட்டது என்று பெருமைப்பட்டேன். அது கிண்டல் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் வீடு நெடுங்காடு பக்கம். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்ததுமே அம்மா உள்ளேயிருந்து, “பாப்பா, கீழண்டை வேலியில துணி காயுது, பனி எறங்கறதுக்குள்ள எடுத்துடு. அப்படியே மேலண்டை வீட்டுல மோர் வாங்கிக்க” என்றாள். துணியை எடுத்தேன், மோர் வாங்கினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரு மேல கோவம்?” என்றாள்.

“யாரு மேலயும் இல்ல.”

“அப்ப அந்தப் பம்பாய்ப் பொண்ணு மேலதான்” என்றாள்.

போட்டி நாள் வந்தது. காரைக்கால் ஊருக்குள் ஒரு பெரிய பள்ளி. ஏற்பாடு இதுதான்: காலையில் வேறு பள்ளிப் பிள்ளைகள் வந்து எல்லாப் பாடங்களையும் தாங்களாகவே தொட்டு விளையாடிப் பழகவேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்வித்துறை அதிகாரியும் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வார்கள். வந்திருந்தவர்கள் கோட்டுச்சேரிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். என் பாடத்தை முன்பின் பார்த்திராதவர்கள்.

என் பாடத்தின் முதல் கட்டம் மிக எளிது. திரையில் வெறும் நிலம். வரைபடம் என்றால் திசை காட்டவேண்டும் என்பதால் மூலையில் அழகாக ஒரு அம்புக்குறி போட்டு, ‘வ’ என்று வடக்கைக் குறித்திருந்தேன். ஓரத்தில் மலை, அருவி, சமவெளி, கடல் எனப் படங்கள் இருக்கும். என் குரல் சொல்லும்: “மலையை இழுத்து மேல்பக்கம் வை. கடலை இழுத்துக் கீழ்ப்பக்கம் வை.” வைத்ததும் ஆறு திரையின் உச்சியில் பிறந்து அடிவரை ஓடிவரும். இதில் யார் தப்பு செய்ய முடியும்?

எல்லாரும் தப்பு செய்தார்கள்.

ஒரு கணினியில் ‘டொய்ங்’. பக்கத்துக் கணினியில் ‘டொய்ங்’. பிறகு அறை முழுக்க ‘டொய்ங், டொய்ங்’. என் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, “தவறு, தவறு, மீண்டும் முயற்சி செய், தவறு” என்று கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆரம்பத்தில் இப்படித் தடுமாறியபோது, மௌஸ் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு ‘டொய்ங்’ வராத இடத்தை அவர்களே மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அறையின் அந்தக் கோடியில் பம்பாய் டீச்சரின் கணினியைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம். எங்கள் தலைமையாசிரியர் மூன்றாவது முறையாக மிதந்துகொண்டிருந்தார்.

என் அருகே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. மலையை எடுத்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். யோசித்தாள். மலையைத் திரையின் இடது ஓரத்தில் வைத்தாள். ‘டொய்ங்’. மறுபடி அம்புக்குறியைப் பார்த்தாள். மலையை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்தாள். ‘டொய்ங்’. கடலை எடுத்து வலது ஓரத்தில் வைத்தாள். ‘டொய்ங்’.

“டீச்சர், இது கெட்டுப்போச்சு” என்றாள்.

“கெடலம்மா. மேல்பக்கம்னு சொல்லுதுல்ல? மேல வை.”

“மேலதான் டீச்சர் வைக்கிறேன்!”

“மேல வைம்மா. மேல!”

“மேலதான் டீச்சர்!” அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். மேலே என்பதுகூடத் தெரியாத பிள்ளையை எனக்கென்று கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்களே என்று யார் யாரையோ மனதில் திட்டினேன். புதுச்சேரி என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

யாரோ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பம்பாய் டீச்சர்தான். வேடிக்கை பார்க்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்து, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார்.

“மேலன்னா எந்தப் பக்கம்மா?”

“மேலன்னா திருநள்ளாறு பக்கம் டீச்சர்.” மேற்குச் சன்னலைப் பார்த்துக் கை நீட்டினாள்.

“கீழ?”

“கீழ கடலு.” இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

கீழண்டை வேலி. மேலண்டை வீடு. மேலத்தெரு, கீழத்தெரு. பிறந்ததிலிருந்து நான் மேற்கை மேல் என்றும் கிழக்கைக் கீழ் என்றும் சொல்லி வளர்ந்தவள். கணினி முன் உட்கார்ந்ததும் அது திரையின் உச்சியும் அடியும் ஆகிவிட்டது. வீட்டில் ஒரு மேல், கணினியில் ஒரு மேல். இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அந்தப் பெண்ணோ வரைபடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அம்புக்குறியை வைத்து வடக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேற்கைக் கண்டுபிடித்து, மலையை அங்கே வைத்திருக்கிறாள். கடலைக் கிழக்கே வைத்திருக்கிறாள். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு, கடல் கிழக்கே இருக்கிறது என்று சொன்ன பிள்ளையை என் கணினி, என் குரலில், ‘தவறு’ என்று விரட்டியிருக்கிறது.

“நான் வந்த புதுசுல தையல் கடைக்கு வழி கேட்டேன் மேடம்” என்றார் அவர் மெல்ல. “மேலத்தெருவுல போயி கீழ திரும்புங்கன்னாங்க. நான் மாடிப்படி தேடினேன்.”

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றிகூட வரவில்லை. நேற்று வந்தவர். ல, ள, ழ தெரியாதவர். அவர் காதில் விழுந்த வார்த்தை என் காதில் ஏன் விழவில்லை? என் ஊர், என் பேச்சு, என் அம்மாவின் வார்த்தை. அதுவரை இருந்த பொறாமையெல்லாம் அதன் பக்கத்தில் சின்னப் பிள்ளை விளையாட்டு.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் வெளியே போனார்கள். ஃபிளாஷின் மூலக் கோப்பு என் பென் டிரைவில் இருந்தது.

“உங்க குரல்ல ‘மேல்பக்கம்’, ‘கீழ்ப்பக்கம்’னு வர்ற இடத்துல ‘வடக்குப் பக்கம்’, ‘தெற்குப் பக்கம்’னு மாத்திட்டாப் போதாதா மேடம்?” என்றார் அவர். சாப்பிடப் போகாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

போதும்தான். இரண்டே இரண்டு சொல்லை மாற்றினால் முடிந்துவிடும். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. “வேண்டாங்க. குரல் அப்படியே இருக்கட்டும். படத்தத் திருப்புறேன். கடல் எங்க இருக்கோ அங்கயே இருந்துட்டுப் போகட்டும்.”

மலையை இடது பக்கம் கொண்டுபோனேன். கடலை வலது பக்கம். ஆற்றையே படுக்கையாகத் திருப்பி, நிலத்தை இடமிருந்து வலமாகச் சரியவிட்டேன். ஒவ்வொரு படமும் விழவேண்டிய இடத்தின் எண்களை மாற்றவேண்டும். ஒரு இடத்தில் மாற்ற மறந்து, சமவெளி கடலுக்குள் போய் விழுந்தது. “மேடம், உங்க நெல்லு வயல் முங்கிடுச்சு” என்றார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியை எடுக்க நேரமில்லை. மலைமேல் உப்புக் குவியல் அப்படியே இருந்தது. நடுவில் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பொரித்த மீன். பிள்ளைகள் காலையில் கொடுத்தனுப்பியதாகத்தான் இருக்கும்.

வேலை முடிகிற நேரத்தில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நீங்களும்தான் போட்டியில இருக்கீங்க. எனக்கு எதுக்குச் செய்றீங்க?”

அவர் ரொம்ப யோசிக்கவில்லை. “என்னோடது வெறும் படம் மேடம். பக்கத்துல நின்னு நான் தப்புத் தப்பாப் பேசினாத்தான் அது ஓடும். வேற ஸ்கூல்ல யாரு நிப்பாங்க? உங்களோடது நீங்க இல்லாமலே ஓடும்.”

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

மதியம் அதிகாரி வந்தார். தற்செயலாக அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் சந்தேகத்தோடு மலையை எடுத்து, காலையில் வைத்த அதே இடத்தில் வைத்தாள். ‘டொய்ங்’குக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் சலசலத்தது. கண்ணைத் திறந்தாள். கடலை வைத்தாள். மலையிலிருந்து ஆறு இறங்கி, சமவெளியில் வளைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, மண்ணைப் பரப்பிக்கொண்டு கடலுக்கு ஓடியது. அவள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். பிறகு என் பாடத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அந்தப் பக்கம் மேடு. அதனாலதான் மேலன்னு சொல்றாங்களா! இந்தப் பக்கம் பள்ளம், அதான் கீழ. அதான் தண்ணி இங்க வருது!”

அதிகாரி முன்னால் சாய்ந்தார். நிலத்தின் சரிவையே திசைக்குப் பெயராக வைத்திருக்கிறோம் என்பதை நானும் அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். நாங்கள் கடைமடைக்காரர்கள். காவிரித் தண்ணீர் மேலேயிருந்து கீழே எங்களிடம் கடைசியாக வந்து சேரும் என்று பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய நிலம் சாய்ந்து படுத்திருந்தது தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அது என் வெற்றி. அந்தப் பெண் சட்டென்று எழுந்து, அறையைக் கடந்து, நேராகப் பம்பாய் டீச்சரிடம் ஓடினாள். காலையில் தெரிந்துகொண்ட சங்கதி போலும். அவர் ஊரில் சூரியன் கடலில் இறங்கும் கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“டீச்சர்! உங்க ஊருல கடலு மேலயா இருக்கு?”

“ஆமாம்மா. மேற்கதான்.”

“அப்ப உங்க ஊருல தண்ணி மேல ஏறிப் போவுமா?”

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஏறும், ஏறாது, மோட்டார் வைத்திருப்பார்கள், அங்கே நடுவில் மலை இருக்கும், இல்லை கடலே உயரமாக இருக்கும். அவர் இரண்டு கையையும் விரித்து, “அதானே! நான் இத யோசிச்சதே இல்லையே. எப்படி?” என்றார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. என் திரையில் ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

என் பாடம்தான் தேர்வானது. அதிகாரி, “இந்த மேல-கீழ யோசனை பிரமாதம்மா. எப்படித் தோணுச்சு?” என்று கேட்டார். பம்பாய் டீச்சரின் பெயரைச் சொல்லி, “அவங்கதான் கேட்டாங்க சார். எனக்குத் தோணல” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த இரண்டு சொற்றொடர்களும் வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டன என்பது எனக்குத்தான் தெரியும். அதிகாரி சிரித்தார். “பம்பாய்க்காரங்க வந்துதான் நமக்குத் திசை சொல்லவேண்டியிருக்கு, பாருங்க” என்று சொல்லிவிட்டு, என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

பம்பாய் டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் ஒரு துளி வருத்தமில்லை. அதற்காகவும் பொறாமைப்பட்டேன்.

பேருந்து ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இரட்டைச் சடைப் பெண் தரையில் குச்சியால் ஒரு நிலம் வரைந்து, நடுவில் மேட்டைக் குவித்து, இரண்டு பக்கமும் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். புதுச்சேரி வேலை கிடைத்ததற்கு அம்மா சந்தோஷப்பட்டாள். சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு, “மாடிப்படி தேடுச்சாமா அது!” என்று நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டு, “நல்ல பொண்ணா இருக்கும் போலருக்கே, ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாயேன்” என்றாள். அவர் பக்கம் போக இனி அம்மாவும் பாக்கி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தைவிட்டு இறங்கியதும் அவரே, “கீழண்டை வீடா, மேலண்டை வீடா மேடம்?” என்று கேட்டார். இந்த முறை சரியாகத் திரும்பினார்.

இப்போது புதுச்சேரியில் பிள்ளைகளுக்கான கணினிப் பாடங்கள் செய்வதுதான் என் வேலை. நான் செய்த இரண்டாவது பாடம், நிலத்தின் நடுவே ஒரு மலைத்தொடரும் அதன் இரண்டு பக்கமும் ஓடும் ஆறுகளும். அது அந்த இரட்டைச் சடைப் பெண் அவரிடம் கேட்ட கேள்வி, என்னிடம் கேட்டதல்ல. என் பாடங்கள் நான் இல்லாமலே பல அறைகளில் ஓடுகின்றன. என் குரல் எனக்குத் தெரியாத பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு புதுப் பாடத்திலும் ‘தவறு’ என்ற ஒலியைச் சேர்க்கும் இடம் வரும்போது, “மேலன்னா எந்தப் பக்கம்மா?” என்று அவர் குனிந்து கேட்டது நினைவுக்கு வருகிறது. அப்போது என் கையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பழைய பொறாமைதான். அது என்னைவிட்டுப் போகட்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்வதில்லை.